பல் முளைக்கும் பருவம்: கைக்குழந்தையின் ஈறு வலிக்கு எளிய பரிகாரங்கள்

சரக்கு, வாடகை, லைசென்ஸ் என்று பேசிக்கொண்டிருக்கும் வியாபாரச் சகோதரர்களுக்குக் கைக்குழந்தையின் ஈறைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, நம்மில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற அத்தாமார். பலர் பேரன் பேத்தி கண்டவர்கள். இரவு கடை அடைத்து வீட்டுக்குள் கால் வைக்கும் நேரத்தில் பல் முளைக்கும் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். “ஏதாவது வாங்கிக்கொண்டு வாருங்களேன்” என்று வீட்டார் கேட்பார்கள். அந்த வேளையில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அந்த “ஏதாவது” என்னும் பொருள் பெரும்பாலும் நம்மவர் கடைகளிலேயே கிடைக்கிறது. ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு, பினாங்கு ரோடு, சௌராஸ்தா மார்க்கெட் என்று நம்மவர் நடத்தும் மளிகைக் கடை, நாட்டு மருந்துக் கடை, சில்லறைக் கடைகளுக்கு வந்து “பிள்ளைக்குப் பல் முளைக்குது, என்ன கொடுக்கலாம்?” என்று கேட்கும் தாய்க்கு, நாம் சொல்வதே மருத்துவமாகிவிடுகிறது. ஆகவே இப்பாடத்தைத் தகப்பன் என்ற முறையிலும் வியாபாரி என்ற முறையிலும் படிக்குமாறு வேண்டுகிறோம்.

பல் எப்பொழுது, எப்படி வருகிறது?

பால் பற்கள் குழந்தை பிறப்பதற்கு முன்பே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அவை வெளியே தலைகாட்டுவது பெரும்பாலும் 6-ஆம் மாதத்தை ஒட்டியாகும். சில பிள்ளைகளுக்கு 4-ஆம் மாதத்திலும், சிலருக்கு ஓராண்டு நிறைந்த பின்பும் வருவதுண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டதே, நம் பிள்ளைக்கு இன்னும் காணோமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. 18 மாதம் ஆகியும் ஒரு பல்லேனும் வராவிட்டால் பல் டாக்டரிடம் காட்டினால் போதும்.

பொதுவாக முதலில் வருவன கீழ்த்தாடையின் நடுப் பற்கள் இரண்டு. பின்னர் மேல்தாடையின் நடுப் பற்கள், அவற்றின் பக்கப் பற்கள், அதன்பின் முதல் கடைவாய்ப் பற்கள், கோரைப் பற்கள், இறுதியாக இரண்டாம் கடைவாய்ப் பற்கள் என்ற வரிசையில் வரும். இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் மொத்தம் 20 பால் பற்களும் நிறைந்துவிடும்.

பல் கத்தியைப் போல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று நினைப்பது சரியன்று. பல் மேலெழும்போது அதன்மேல் உள்ள சதை சிறிது சிறிதாகக் கரைந்து வழிவிடுகிறது. அந்தச் சில நாட்களில் ஈறு சிவந்து, தடித்து, தொட்டால் நோகும். சில சமயம் முளைக்கும் இடத்தில் நீலநிறக் கொப்புளம்போல் ஒன்று தோன்றும். இது பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். அதை ஊசியால் குத்துவதும், நகத்தால் கீறுவதும், உப்பு வைத்துத் தேய்ப்பதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமையாகும்.

எது பல்லின் வேலை, எது பல்லின் வேலையன்று?

இப்பாடத்தில் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டும்.

பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும். கையில் கிடைத்ததையெல்லாம் பிள்ளை கடிக்கும். ஈறைத் தேய்த்துக்கொள்ளும்; காதை இழுக்கும்; சிணுங்கும். எச்சில் பட்ட முகவாயில் சிவப்புத் தடிப்பு உண்டாகலாம். கெட்டியான உணவைச் சற்று மறுக்கலாம். உடம்பில் இலேசான வெதுவெதுப்பும் காணலாம். இவ்வளவுதான் பல்லின் வேலை.

அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் நகர மருத்துவர்கள் 125 குழந்தைகளைப் பெற்றோர் துணையுடன் நாள்தோறும் கவனித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பல் வெளிவருவதற்கு முந்திய 4 நாட்கள், வெளிவரும் நாள், அதற்குப் பிந்திய 3 நாட்கள், ஆக 8 நாட்களிலேயே இத்தொல்லைகள் கூடுதலாகக் காணப்பட்டன. கடுமையான காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றோட்டம் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை.

அப்படியானால், “பல் காய்ச்சல்”, “பல் பேதி” என்று நம் நன்னிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது எதனால்? அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பல் வரும் காலமும் நோய் வரும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி 6-ஆம் மாதத்தை ஒட்டிக் குறைகிறது. அதே சமயத்தில்தான் பிள்ளை தவழத் தொடங்கித் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. அதே சமயத்தில்தான் கஞ்சியும் சோறும் ஊட்டத் தொடங்குகிறோம். பாத்திரமோ கையோ தண்ணீரோ சுத்தமில்லாவிட்டால் பேதி காண்கிறது. குற்றம் கிருமியுடையது, பழி பல்லின் மேல் விழுகிறது.

இந்தப் பழியினால் எத்தனை பிள்ளைகள் போயின என்பதற்கு இங்கிலாந்தின் மரணப் பதிவேடு ஒரு சாட்சி. 1839-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 மரணங்களுக்குக் காரணம் “பல் முளைத்தல்” என்று எழுதப்பட்டது. இன்று எந்த நாட்டு டாக்டரும் அப்படி எழுதமாட்டார். அப்பிள்ளைகளைக் கொண்டுபோனவை பேதியும் மார்ச்சளியும் மற்ற தொற்று நோய்களுமே.

நம் மலேசியாவில் இன்னொரு மயக்கமும் உண்டு. கை கால் வாய் நோய் என்பது இங்கே சிறு பிள்ளைகளிடம் அடிக்கடி பரவுவது. இந்நோய் கண்ட பிள்ளையும் எச்சில் ஒழுக்கும், அழும், உண்ண மறுக்கும். பார்ப்பவர்கள் “பல் வருகிறது” என்று இருந்துவிடுவார்கள். ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் புண்கள் தெரியும், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிறு கொப்புளங்கள் தெரியும், காய்ச்சலும் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் குணமடைந்து விடுகின்றன என்றாலும், 1997-இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது பிள்ளைகள் பலர் இறந்தது வரலாறு. எனவே “பல்தான்” என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர் வாயையும் கையையும் காலையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

ஈறு வலியை ஆற்றும் எளிய வழிகள்

வலி சில நாட்கள் நிற்கும், பிறகு தானே போய்விடும். அந்தச் சில நாட்களைக் கடக்கப் பிள்ளைக்குத் துணை செய்வதுதான் நம் வேலை. அதற்கு வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன.

1. சுத்தமான விரல். நகத்தை வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் நுனியால் ஈறை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அந்த அழுத்தமே வலியைத் தணிக்கும். மசாலா அரைத்த கை, காசு எண்ணிய கை, சிகரெட் பிடித்த கை ஆகியவற்றைக் கழுவாமல் பிள்ளையின் வாயில் வைக்கலாகாது.

2. குளிர்ந்த ஈரத் துணி. மெல்லிய பருத்தித் துணியைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுத்தமான மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் சற்று நேரம் வைத்தெடுங்கள். ஒரு முனையை முடிச்சிட்டுப் பிள்ளை கடிக்கக் கொடுக்கலாம். குளிர்ச்சி வீக்கத்தை மரக்கச் செய்யும். அருகில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் துணியைத் துவைத்து உலர்த்த வேண்டும்.

3. கடிக்கும் ரப்பர் வளையம். கெட்டியான, ஒரே துண்டான வளையமாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே நீர் நிரப்பிய வளையம் கடிபட்டு ஒழுகக்கூடும். வளையத்தைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஐஸ் உறையும் தட்டில் வைத்தால் அது கல்லாகிவிடும், ஈறைக் காயப்படுத்தும். வளையத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுதல் ஒருபோதும் கூடாது.

4. தாய்ப்பால். வலி கண்ட பிள்ளைக்குத் தாயின் மார்பே ஆறுதல். சில பிள்ளைகள் அந்நாட்களில் அடிக்கடி பால் கேட்கும். சில சற்று மறுக்கும். பல் வந்துவிட்டது, கடிக்கும் என்று பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் குடிக்கும்போது பிள்ளையின் நாக்கு கீழ்ப்பல்லின் மேல் கிடப்பதால் கடிக்க முடியாது. குடித்து முடித்து விளையாடும்போதுதான் கடிக்கும். அப்போது மார்பிலிருந்து விலக்கிவிட்டால் விரைவில் கற்றுக்கொள்ளும். பாலூட்டும் காலம் முழுமையாக 2 ஆண்டுகள் என்று திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் வந்திருப்பது நாம் அறிந்ததே. அந்த 2 ஆண்டுகளுக்குள் பெரும்பாலான பால் பற்கள் வந்துவிடுகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

5. குளிர்ந்த மிருதுவான உணவு. 6 மாதம் நிறைந்து உணவு உண்ணத் தொடங்கிய பிள்ளைக்கு, மசித்த வாழைப்பழம், பப்பாளி, தயிர் ஆகியவற்றைச் சற்றுக் குளிர்ச்சியாகக் கொடுக்கலாம். கேரட் துண்டு, ஆப்பிள் துண்டு, கெட்டி பிஸ்கட்டு ஆகியவற்றைக் கடிக்கக் கொடுத்தால் உடைந்து தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு.

6. எச்சிலைத் துடைத்தல். மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கழுத்தில் நனைந்த துணியை மாற்றிவிடுங்கள். தடித்த இடத்தில் வாசனையில்லாத வாசலைன் தடவலாம்.

7. தோளும் மடியும். இதற்குக் காசு வேண்டாம், ஆனால் நேரம் வேண்டும். அத்தா தோளில் போட்டு வாசலில் நாலு நடை நடந்தால், பகலெல்லாம் பிள்ளையைச் சுமந்த தாய்க்கும் ஓய்வு கிடைக்கும். கடையில் களைத்து வந்தவருக்கு இது பாரம்தான். ஆயினும் இந்த மருந்தைக் கடையில் வாங்க முடியாது.

இவ்வளவும் செய்து, இரவில் பிள்ளை வலியால் உறங்கவே இல்லையென்றால், டாக்டரையோ பார்மசி மருந்தாளரையோ கேட்டு, பிள்ளையின் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமோல் கொடுக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் பாரசிட்டமோல் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் இரு வகையில் விற்கிறது. போத்தல் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படிக்காமல் ஊற்றக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது.

“இயற்கை” என்ற பெயரில் வருவன

இயற்கைப் பொருள் எல்லாம் பிள்ளைக்கு ஆகும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வயதுவந்தவருக்கு நன்மை தரும் பொருளே 6 மாதப் பிள்ளைக்கு நஞ்சாக முடிவதுண்டு.

தேன்: தேனின் சிறப்பை நாம் அறிவோம். ஆனால் ஓராண்டு நிறையாத பிள்ளைக்கு அதைத் தொட்டு வைக்கக்கூடாது. தேனில் சில வேளை ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர் குடலில் அவை ஒன்றும் செய்யா. பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையும் நிறுத்திவிடக்கூடும். 1976-இல்தான் இந்நோய் குழந்தைகளிடம் இன்னதென்று இனங்காணப்பட்டது. வீட்டில் காய்ச்சினாலும் அவ்வித்துகள் சாவதில்லை. ரப்பர் சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கமும், பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. தஹ்னீக்கில் பேரீத்தம் பழமே பேசப்படுகிறது. தேன் இல்லாமற் போனால் ஒரு குறையும் வந்துவிடாது.

கிராம்பு எண்ணெய்: பினாங்குக்கும் கிராம்புக்கும் உள்ள உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளை இங்கே கொண்டுவந்தது. பாலிக் புலாவ் பக்கம் இன்றும் அவை விளைகின்றன. பெரியவர்கள் பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைப்பதுண்டு. அதிலுள்ள யூஜினால் என்னும் சத்து நரம்பை மரக்கச் செய்யும். அதே எண்ணெயைப் பிள்ளையின் ஈறில் வைத்தால் புண்ணாகும். விழுங்கிவிட்டால் மயக்கமும் வலிப்பும் வரும்; ஈரல் கெடும். 15 மாதப் பிள்ளை ஒன்று சுமார் 10 மில்லி கிராம்பு எண்ணெயைக் குடித்து ஈரல் செயலிழந்த விவரம் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

உரை மருந்து: வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் உரைத்துக் கொடுப்பது நம் தாய்நாட்டுப் பழக்கம். வசம்புக்குப் “பிள்ளை வளர்ப்பான்” என்றே பெயர் உண்டு. ஆயினும் வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளின் தீமை காரணமாக, அமெரிக்க அரசு 1968-இல் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சாதிக்காய் அளவு மிஞ்சினால் மயக்கமும் படபடப்பும் உண்டாக்கும். உரைக்கும்போது எத்தனை சுற்று என்பதே அளவு. கை மாறினால் அளவு மாறும். மருந்து கொடுத்ததும் பிள்ளை நன்றாக உறங்குகிறது என்று நாம் மகிழ்கிறோம்; அது வலி நீங்கிய உறக்கமா, மயக்கமா என்று யார் அறிவார்?

கழுத்து மணிகள்: பல் முளைக்கும் பிள்ளைக்கு அம்பர் மணி மாலை அணிவித்தால் வலி தீரும் என்று இக்காலத்தில் கணினி வழி விற்பனை நடக்கிறது. அமெரிக்காவில் 18 மாதப் பிள்ளை ஒன்று உறக்கத்தில் இத்தகைய மாலையால் கழுத்து இறுகி இறந்ததைச் சுட்டி, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2018 டிசம்பரில் எச்சரித்தார்கள். மணியாயினும் கருப்புக் கயிறாயினும், கழுத்தில் கட்டியதோடு பிள்ளையை உறங்கவிடுதல் ஆபத்தே.

வரலாறு தரும் எச்சரிக்கை

பல் முளைக்கும் பிள்ளையை உறங்க வைக்கிறோம் என்று சொல்லி விற்ற சரக்குகளின் வரலாறு வியாபாரிகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

அமெரிக்காவில் 1849-இல் “மிஸஸ் வின்ஸ்லோ” என்ற பெயரில் ஒரு சிரப் கடைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென்றே விற்கப்பட்ட அதில் இருந்தது அபினிலிருந்து எடுத்த மார்பின். பிள்ளைகள் உறங்கின, சில எழுந்திருக்கவே இல்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் சேர்த்தது.

இங்கிலாந்தில் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கு விற்ற பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மலாயாப் பத்திரிகைகளிலும் இத்தகைய பொடிகளின் விளம்பரங்கள் வந்ததுண்டு. அக்காலத்தில் “இளஞ்சிவப்பு நோய்” என்று ஒன்று பிள்ளைகளை வாட்டியது. கையும் காலும் சிவந்து தோலுரியும். வெளிச்சத்தைக் கண்டால் கூசும். பிள்ளை இரவும் பகலும் அழும். அழுகிற பிள்ளைக்கு மேலும் அந்தப் பொடியையே கொடுத்தார்கள். 1939 முதல் 1948 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 585 பிள்ளைகள் இந்நோயால் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. 1940-களின் பிற்பகுதியில் சின்சினாட்டி நகர டாக்டர் ஜோசப் வார்கனியும் அவருடைய துணைவர் டொனால்ட் ஹப்பர்டும் இதற்குக் காரணம் பாதரசமே என்று எடுத்துக்காட்டினார்கள். 1954-இல் பிரிட்டிஷ் பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது. அதன்பின் அந்நோயும் மறைந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008-இல் நைஜீரியாவில் “மை பிக்கின்” என்ற பல் முளைக்கும் பிள்ளைகளுக்கான மருந்தைக் குடித்து 84 பிள்ளைகள் இறந்தன. மருந்தில் சேர்க்க வேண்டிய திரவத்தை லைசென்ஸ் இல்லாத ஒரு வியாபாரியிடம் வாங்கினார்கள். அதில் இருந்தது சிறுநீரகத்தை அழிக்கும் டைஎத்திலீன் கிளைகோல் என்னும் நஞ்சு. 2022-இல் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் நச்சுக் கலந்த சிரப்பினால் சிறுநீரகம் கெட்டு ஏறத்தாழ 200 பிள்ளைகள் மாண்டன.

ஈறில் தடவும் மருந்துக் களிம்புகளும் விலக்கல்ல. பென்சோகெயின் கலந்த களிம்பு இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனைக் கெடுத்து, உதடு நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதை விற்கலாகாது என்று 2018 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். மேலும், பிள்ளை ஓயாமல் எச்சில் ஒழுக்குவதால் தடவிய களிம்பு சிறிது நேரத்தில் வழிந்தோ விழுங்கப்பட்டோ போய்விடுகிறது. ஆக, பயன் கொஞ்சம், பயம் அதிகம்.

வியாபாரிகளான நம் பொறுப்பு

சரக்கு விற்பவருக்கும் பிள்ளையின் உயிருக்கும் உள்ள தொடர்பு இந்நாட்டில் முன்பே பேசப்பட்டிருக்கிறது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் பேசினார். மலாயாவில் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைக் கொடுத்துப் பிள்ளைகள் மெலிந்து சாவதைக் கண்டு, அப்படி விளம்பரம் செய்து விற்பவர்களை நேருக்கு நேர் கண்டித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் வியாபாரிகளும் இருந்தார்கள்.

நம் பினாங்கிலேயே, வியாபாரியாக இருந்துகொண்டு வாங்குபவர் பக்கம் நின்ற ஒருவரை நாம் கண்டிருக்கிறோம். 1969-இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் உழைத்து, 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நம் தமிழ் முஸ்லிம் சமூகத்தவரே. வியாபாரமும் நாணயமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரத்தை முன்னின்று நடத்திவரும் “வாபா” என்னும் உலகக் கூட்டமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்ததே.

ஈரத் தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. உள்ளே இருப்பது இன்னதென்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மருந்தாகத் தயாரித்து விற்கும் பொருளுக்குப் பதிவு எண் வேண்டும். அது “எம்.ஏ.எல்.” என்ற எழுத்துகளில் தொடங்கும். பாரம்பரிய மருந்தாயின் இறுதியில் “டி” என்ற எழுத்து இருக்கும். பொட்டலத்தில் ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். இவை இல்லாத பொடியோ சிரப்போ களிம்போ யார் கொண்டுவந்து கொடுத்தாலும், ஊரிலிருந்து பெட்டியில் வந்தாலும், எவ்வளவு இலாபம் கிடைத்தாலும் விற்காதீர்கள்.

பேரில்லாத போத்தலில் எண்ணெய் நிரப்பி விற்காதீர்கள். கிராம்பு எண்ணெய் கேட்பவரிடம் யாருக்கு என்று கேளுங்கள்; கைக்குழந்தைக்கு என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கடைச் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். “பிள்ளைக்குக் காய்ச்சலா? பேதியா?” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கப் பழக்குங்கள். ஆம் என்று பதில் வந்தால் சரக்கை எடுக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகச் சொல்ல வேண்டும். ஒரு விற்பனை போகும்; ஒரு பிள்ளை பிழைக்கும். அந்தத் தாய் நம் கடையை மறக்கமாட்டாள்.

எப்பொழுது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பல் முளைக்கிறதோ இல்லையோ, கீழ்க்காண்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள்.

காய்ச்சல் 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால். அதிலும் 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளையாயின் உடனே.
தண்ணீராகப் பலமுறை வயிற்றாலே போனால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால்.
உச்சிக்குழி குழிந்து, கண் ஒட்டி, நாவு வறண்டு, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாதிருந்தால்.
பால் குடிக்க முற்றும் மறுத்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால்.
துவண்டு கிடந்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால்.
மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால்.

பேதி கண்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கொண்டுசெல்லுங்கள். ரெசிடென்சி ரோடு பெரிய ஆஸ்பத்திரி இரவிலும் திறந்திருக்கிறது. பிள்ளை ஏதேனும் மருந்தையோ எண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டின் தேசிய நச்சு மையம் நம் பினாங்கில் சைன்ஸ் பல்கலைக்கழகத்திலேயே இருந்து டாக்டர்களுக்கு ஆலோசனை வழங்கி வருகிறது.

பல் வந்த பிறகு

முதல் பல் வெளிவந்த நாள் முதலே அதைச் சுத்தம் செய்ய வேண்டும். மிருதுவான சிறு பிரஷில் அரிசியளவு புளோரைடு பற்பசை வைத்துக் காலையும் இரவும் துலக்கிவிடுங்கள். இனிப்புப் பாலையோ சீனித் தண்ணீரையோ புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே உறங்க விடாதீர்கள். வந்த பல் வந்த வேகத்தில் சொத்தையாகும்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

ஈறு வலிக்குச் சுத்தமான விரல், குளிர்ந்த துணி, தாய்ப்பால், தோள் ஆகியவை போதும். ஓராண்டு நிறையும்வரை தேன் கூடாது. பிள்ளைக்குக் கிராம்பு எண்ணெய், மரக்கவைக்கும் களிம்பு, கழுத்து மணி கூடாது. பதிவு எண் இல்லாத மருந்தை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் பல் காரணமன்று.

சகோதரர்கள் இவற்றை வீட்டில் உம்மாமாருக்கும் நன்னிமாருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். கடை வைத்திருப்போர் கடைசி ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியடியில் ஒட்டி வைத்தால், கேட்டு வரும் தாய்மாருக்குப் பதில் சொல்ல உதவியாக இருக்கும்.